ஒன்பதாம் பக்கத்து நான்கு வரிகள்

புத்த ஆண்டு 2567 (கி.பி. 2024), செப்டம்பர் 2, திங்கட்கிழமை எனத் தேதியிட்டு உங்கள் நிலையம் வெளியிட்ட வெளிநாட்டு மாணவர் கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில், என் புகைப்படத்துக்குக் கீழே, ஆங்கிலத்தில் நான்கு வரிகள் அச்சாகியுள்ளன. அவற்றில் முதல் மூன்று வரிகள் பொய். நான்காவது வரி நான் என் வாயால் சொன்னது. அதுதான் நான்கிலும் பெரிய பொய்.

அந்த வரிகள் வருமாறு: "ஃபோங் அம்மா தம் கிராமத்து மலைகளைத் தாண்டிச் சென்றதே இல்லை. செல்ல விரும்பியதும் இல்லை. தம் மகளின் முதல் பிரசவத்தின்போதுகூட மாணவர்களைப் பிரிய அவருக்கு மனம் வரவில்லை. 'இந்தப் பிள்ளைகளே எனக்குப் போதும்' என்கிறார், புன்னகையுடன்."

கையேட்டை நிலையத்தார் யாரும் எனக்குக் காட்டியதில்லை. பக்கத்து வீட்டுக் கியாங் அக்காவின் சமையலறையில், ஆடுகின்ற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்ததை நான்தான் உருவி எடுத்தேன். மூன்றாம் குழுவில் வந்த ஒரு மாணவர் விட்டுச்சென்ற அகராதி என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு பதின்மூன்று ஆண்டுகளாக ஆங்கிலம் படித்து வருகிறேன். நான்கு வரிகளைப் படித்து முடிக்க நான்கு நாள் ஆயிற்று. முதல் நாளே புரிந்துவிட்டது. மீதி மூன்று நாள், தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று சரிபார்ப்பதில் கழிந்தது.

திருத்தம் இருந்தால் எழுதி அனுப்பலாம் என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆகவே என் வாழ்க்கைக் குறிப்பை நானே எழுதித் தருகிறேன். அடுத்த கையேட்டில் அந்த நான்கு வரிகளுக்குப் பதிலாக இது வரவேண்டும். மாணவர்களும் படிப்பார்கள் என்பதால், நமக்குள் விளக்கத் தேவையில்லாத சிலவற்றையும் விளக்கியிருக்கிறேன்.

என் பெயர் ஃபோங்சான். வட தாய்லாந்தில் பயாவ் மாகாணம், பான் ஹுவாய் லான் கிராமத்தில் 2513-ஆம் ஆண்டு பிறந்தேன். பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்தேன். பதினேழு வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, தலைநகரை ஒட்டிய சமுத் பிராகானில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் நான்கு ஆண்டுகள் காலர் தைத்தேன். தொழிற்சாலை அடையாள அட்டையை இத்துடன் முதல் ஆவணமாக இணைத்துள்ளேன். அட்டையில் இருப்பது நான்தான்; அப்போது எனக்குக் கன்னம் இருந்தது. கடலை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். ஆகவே முதல் வரி பொய். இரண்டாவது வரியைப் பற்றி நான் தனியாக எதுவும் எழுதப் போவதில்லை. இந்தக் குறிப்பு முழுவதும் அதற்கான மறுப்புதான்.

ஊருக்குத் திரும்பி வந்து மணம் செய்துகொண்டேன். 2538-இல் மகள் ரின் பிறந்தாள். அவள் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு என் தாயார் காலமாகிவிட்டார். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் அனலோரம் பத்தியமாக இருப்பதை எங்கள் பக்கத்தில் மாதமிருத்தல் என்று சொல்வார்கள். அந்த மாதத்தில் அவள் வெந்நீர்தான் குடிக்க வேண்டும். மூலிகை ஆவி பிடிக்க வேண்டும். தலையையும் காதையும் மூடியிருக்க வேண்டும். தாளிப்பு வாசனை மூக்கில் படக் கூடாது. பட்டால் பிற்காலத்தில் அந்த வாசனை வரும்போதெல்லாம் தலைவலி வரும். இதையெல்லாம் பெற்ற தாய் அருகில் இருந்து செய்வது வழக்கம். எனக்குக் கியாங் அக்கா செய்தார். குறை சொல்ல முடியாதபடி செய்தார். ஆனால் தம் வீட்டு உலைக்கும் என் அனலுக்கும் இடையே அவர் ஒரு நாளைக்கு இருபது முறை வேலி தாண்டி ஓடியதைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வேண்டுமென்று கேட்கவும் கூச்சமாக இருந்தது. என் மகள் பிள்ளை பெறும்போது யாரிடமும் கூசாமல் தண்ணீர் கேட்கட்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

2549-இல் மக்காச்சோளக் கொல்லையில் மின்னல் தாக்கி என் கணவர் இறந்தார். அதற்குப் பின் கிராம சுகாதாரத் தொண்டராகச் சேர்ந்தேன். எடை, தடுப்பூசி, கொசுப்புழு எல்லாவற்றுக்கும் படிவம் நிரப்பிப் பிரதி வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே வந்தது. 2554-இல் உங்கள் நிலையம் எங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்தது. மாணவர்கள் காலையில் தாய்லாந்து மொழி படிப்பார்கள். பிற்பகலில் ஓடையில் கல் தடுப்பணை கட்டுவார்கள் அல்லது பள்ளியில் ஆங்கிலம் சொல்லித் தருவார்கள். எங்கள் வீடுகளில் பிள்ளைகளாகத் தங்குவார்கள். ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவின்படி, குழு தங்கியிருக்கும் காலம் முழுவதும் வீட்டுத்தாய் வீட்டில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று குழுக்கள். கொரோனாவால் நின்றுபோன காலம் நீங்கலாக, இதுவரை முப்பத்திரண்டு குழுக்கள் வந்து போயிருக்கின்றன. ஒரு குழுவின்போதும் நான் ஊரைத் தாண்டவில்லை.

ரின், பேருந்தில் ஓர் இரவுத் தொலைவில் உள்ள ராயோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் கணவனுக்கும் அங்கேதான் வேலை. 2566 ஜனவரி 20 வாக்கில் முதல் பிரசவம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஜனவரி 9 அன்று புதிய குழு வரவிருந்தது. ஆகவே 2565 நவம்பர் 7 அன்று, ஜனவரி 10 முதல் ஐந்து வாரம் விடுப்பு வேண்டுமென்று எழுதி, உங்கள் ஒருங்கிணைப்பாளர் விமொன் டீச்சரிடம் நேரில் கொடுத்தேன். எனக்கு ஒதுக்கப்பட்ட மாணவி கியாங் அக்கா வீட்டில் தங்கலாம் என்று அக்காவின் கையெழுத்தையும் அதில் வாங்கியிருந்தேன். பிரதி, ஆவணம் நான்கு.

டீச்சர் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் எதுக்கும்மா எழுத்து? நமக்குள்ள என்ன. பரவாயில்ல, போயிட்டு வாங்க. வரவேற்பு அன்னிக்கு மட்டும் இருந்துட்டுப் போங்க, போதும்."

"அப்படின்னா இதுலயே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்களேன் டீச்சர்."

"அய்யோ அம்மா, என்னை நம்பலையா?"

நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? சிரித்தேன். அவரும் சிரித்தார். ஜனவரி 10 மாலை நான்கு மணிப் பேருந்துக்குச் சீட்டு வாங்கினேன். காட்டு இஞ்சி, மஞ்சள், புளியிலை, எலுமிச்சைப்புல் எல்லாவற்றையும் நறுக்கிக் காயவைத்துத் துணிப்பையில் கட்டினேன். அந்தச் சீட்டு ஆவணம் ஐந்து. அது கிழிக்கப்படாமல் இருக்கிறது.

ஜனவரி 9 அன்று கோயில் மண்டபத்தில் வரவேற்பு நடந்தது. மனிதர் ஒவ்வொருவர் உடம்பிலும் முப்பத்திரண்டு உள்ளுயிர்கள் உண்டு என்றும், பயணத்தில் அவை வழியிலேயே தங்கிவிடும் என்றும் நாங்கள் நம்புகிறோம். அவற்றை அழைத்து, வந்தவரின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, வீட்டில் சேர்த்துக்கொள்வோம். எங்கள் ஊரில் இதற்கு ஒரு கட்டுப்பாடும் உண்டு. யார் தம் வீட்டுக்கு அழைத்துக் கட்டினாரோ, அவர் அந்த நூல் மணிக்கட்டில் இருக்கும்வரை வீட்டை அடைத்துவிட்டு வெளியூர் போகக் கூடாது. நூலை மூன்றாம் நாள் காலையில் அவிழ்த்துவிடுவது வழக்கம். அதனால் இந்தக் கட்டுப்பாடு யாருக்கும் பாரமாக இருந்ததில்லை.

என் பங்குக்கு வந்த மாணவியின் பெயர் மெரடித். அமெரிக்காவில் ஒஹாயோவிலிருந்து வந்தவள். நாங்கள் அவளுக்கு ஃபா என்று பெயர் வைத்தோம். வானம் என்று பொருள். முன்பே பேசியபடி கியாங் அக்காதான் அவளுக்கு நூல் கட்ட வேண்டும். அக்கா நூலோடு எழுந்தபோது விமொன் டீச்சர் அவர் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார்.

"கியாங் அக்கா, கொஞ்சம் இருங்க. ஃபோங் அம்மா கட்டட்டும். சியாங் மாய்லேர்ந்து கேமரா வந்திருக்கு. அம்மா முகம்தானே கையேட்ல எல்லாருக்கும் பழக்கம்."

"டீச்சர், நான் நாளைக்கு ஊருக்குப் போறேன். நான் கட்டக் கூடாது" என்றேன்.

"படத்துக்குத்தானே அம்மா! சும்மா ஒரு முடிச்சு."

மண்டபத்தில் எழுபது பேர் இருந்தார்கள். நிலையத்தின் இயக்குநர் முன்வரிசையில் அமர்ந்து, கைகூப்பி, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபா மண்டியிட்டுக் கையை நீட்டிவிட்டாள். விருந்தாளி நீட்டிய கையை வெறுமனே விடலாமா? கட்டினேன். "ஃபாவின் உள்ளுயிரே, ஆற்றங்கரையில் நிற்காதே, வழியில் தங்காதே, என் வீட்டுக்கு வா, என் வீட்டில் உறங்கு" என்று சொல்லியே கட்டினேன். அந்த வார்த்தைகளைச் சொல்லாமல் முடிச்சுப் போட எனக்குத் தெரியாது.

இதை என் தவறு என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் தவறு எங்கே தொடங்கியது என்பதும் பதிவாக வேண்டும்.

அன்று மாலையே கியாங் அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"ஏன்டி, நூல நீ கட்டிட்ட. இனிமே அந்தப் பொண்ணு எப்படி என் வீட்ல படுப்பா? நீ கூப்பிட்டது உன் வீட்டுக்கு. உசுரு ஒரு வீட்ல, உடம்பு ஒரு வீட்லன்னா நாளைக்கு அவ பைக்லேர்ந்து விழுந்தா ஊரு என்னைத்தான் கேக்கும்."

"மூணு நாள்தானே அக்கா. வியாழக்கிழமை அவுத்துடுவா. நான் அன்னிக்கே கெளம்பிடறேன். பிரசவம் இருவதாம் தேதிதான்."

"ஆமாமா, வியாழக்கிழமை. நீ போட்ட முடிச்சைப் பாத்தேன். எருமையக் கட்டுற முடிச்சு."

வியாழக்கிழமை காலையில் ஃபா பல் துலக்கிவிட்டு வந்தாள். நூல் கையில் இருந்தது. ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தின்றாள். நூல் இருந்தது. மொழி வகுப்புக்குப் போய் மதியம் திரும்பியபோதும் இருந்தது.

"ஃபா, கையில நூலு அரிக்கலையா?" என்று கேட்டேன். இதற்கு மேல் வெளிப்படையாகக் கேட்க எங்களால் முடியாது. நூலை அவிழ் என்று விருந்தாளியிடம் சொல்வது, உன் உயிரை எடுத்துக்கொண்டு வெளியே போ என்று சொல்வதற்குச் சமம்.

அவள் பாடப்புத்தகத்தைத் திறந்து விரலை வைத்து, வகுப்பில் பேசுவது போலவே பேசினாள். "இல்லை, அம்மா. நூலானது தானாக அறுந்து விழும் வரையில் அணிந்திருத்தல் சிறப்பு. அகற்றுதல் மரியாதை அன்று. நான் மரியாதை உள்ள மகள்."

அந்த ஆண்டுதான் நிலையம் பாடப்புத்தகத்தை மாற்றியிருந்தது. பழைய புத்தகத்தில் மூன்று நாள் என்று இருக்கும். இரண்டு புத்தகங்களின் பக்கங்களும் ஆவணம் ஆறு, ஏழு. மற்ற வீட்டுத்தாய்மார் எங்கும் போவதாக இல்லை. ஆகவே அவர்களுக்கு இது ஒரு பொருட்டாகவே படவில்லை.

விமொன் டீச்சரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லிடுங்க டீச்சர். நீங்க சொன்னா பாடம். நான் சொன்னா விரட்டுறதா ஆயிடும்."

"புத்தகத்துல அப்படி இருக்கேம்மா. நான் மாத்திச் சொன்னா பசங்க குழம்பிடுவாங்க. பரவாயில்ல, நூல்தானே? ரெண்டு நாள்ல அதுவே பிஞ்சு போயிடும்."

பிய்யட்டும் என்று நாங்களும் முயன்றோம். அன்று மாலை கியாங் அக்கா தம் வீட்டு அடிப்பிடித்த பானைகள் ஏழையும் வேலிக்கு இந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு வந்தார். "பாத்திரம் தேய்க்கிறதும் பண்பாட்டுப் பாடம்தான் கண்ணு. நல்லா அழுத்தித் தேய். அந்தக் கையால தேய், இந்தக் கை இல்ல." ஃபா பாடிக்கொண்டே தேய்த்தாள். பானைகள் பளபளத்தன. மறுநாள் தடுப்பணைக்குக் கல் தூக்கும் கயிற்றை இழுக்கும் வேலையை ஊரார் சொல்லிவைத்தாற்போல் அவளுக்கே கொடுத்தார்கள். கயிறு தேய்ந்தது. நூல் தேயவில்லை.

கியாங் அக்கா அவள் கையைப் பிடித்து நூலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது பருத்தி இல்லடி. நைலான் கலந்தது."

படத்தில் மின்ன வேண்டும் என்று உங்கள் நிலையம் அந்த ஆண்டு நூலை நகரத்துக் கடையில் வாங்கியிருந்தது. மண்டபத்தில் மிச்சமிருந்த ஒரு முழம், ஆவணம் எட்டு. இழுத்துப் பாருங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை, ஜனவரி 13 அன்று, ஓடைக்கரையில் நின்றுகொண்டிருந்தபோது ராயோங்கிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வாரம் முன்னதாகவே ரினுக்குப் பெண் குழந்தை பிறந்துவிட்டது.

"அம்மா, நல்லா இருக்கேன். குழந்தையும் நல்லா இருக்கு. நீ எப்ப வர?"

"நூல் இன்னும் அவுக்கல" என்றேன். அவளும் இந்த ஊரில் வளர்ந்தவள்.

"பரவாயில்லம்மா" என்றாள்.

நேராக ஊர்த்தலைவர் இந்தோன் வீட்டுக்குப் போனேன். அவர் சேவலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். என் பேச்சு முடியும்வரை குளிப்பாட்டினார்.

"தங்கச்சி, நீ போகக் கூடாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். தாராளமா போ. ஆனா ஒண்ணு. நம்ம பள்ளிக்கூடத்துல இப்ப நாப்பத்தியேழு பசங்க. அறுவதுக்குக் கீழ போனா மூடுற பட்டியல்ல சேத்துடுவாங்க. சேத்தும் ஏன் மூடலை? வெள்ளைக்காரப் பசங்க வந்து இங்கிலீஷ் சொல்லித் தராங்கன்னு மேலிடத்துல படம் காட்டியே ஓட்டிக்கிட்டிருக்கேன். ஆறாம் பிரிவ மீறினா குழுவ மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்கு மாத்திடுவோம்னு நிலையத்துல சொல்லியிருக்காங்க. நாளைக்கு நாப்பத்தியேழு வீட்டு அம்மாக்களும் உன் வாசல்ல வந்து நிப்பாங்க. அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சும்மா நிப்பாங்க."

"அப்ப நான் போகலாமா கூடாதா தலைவரே?"

"போகலாம்னுதானே சொல்றேன்."

வீட்டுக்கு வந்து துணிப்பையை ஆணியில் மாட்டினேன்.

ரின் ஜனவரி 16 அன்று மருத்துவமனையிலிருந்து வாடகை அறைக்கு வந்தாள். வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், எல்லாருக்கும் பொதுவான ஒரு நடை, நடையிலேதான் சமையல். கணவனுக்கு விடுப்பு மூன்று நாள்தான் கிடைத்தது. பத்தொன்பதாம் தேதி அவன் வேலைக்குப் போய்விட்டான்.

இருபதாம் தேதி உங்கள் பாடத்திட்டத்தில் ஒரு பண்பாட்டு வகுப்பு குறிக்கப்பட்டிருந்தது. இடம்: ஃபோங் அம்மா வீட்டு முற்றம். தலைப்பு: மாதமிருத்தல், செய்முறை விளக்கம். அட்டவணை, ஆவணம் பத்து. டிசம்பரிலேயே தயாரித்துவிட்டீர்கள். அந்த வாரம் நான் ராயோங்கில் இருப்பேன் என்று என் விடுப்புக் கடிதத்தில் எழுதியிருந்தேன். அட்டவணையைத் தயாரித்தவர் அந்தக் கடிதத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

ஃபாவைத் தாயாகப் படுக்கவைத்தார்கள். அவள் பக்கத்தில் ஒரு தலையணையைத் துணியில் சுற்றிக் குழந்தையாக வைத்தார்கள். பதினான்கு மாணவர்கள் ஏட்டோடு சுற்றி அமர்ந்தார்கள். விமொன் டீச்சர் கைபேசியில் படம் எடுத்தார். ஆவிக்குப் போட வேறு மூலிகை கைவசம் இல்லாததால் ஆணியில் மாட்டிய பையை எடுத்து அவிழ்த்தேன். ரினுக்காகக் காயவைத்ததில் ஒரு பிடியை அள்ளிப் பானையில் போட்டேன்.

அந்த நேரத்தில் என் கைபேசி அடித்தது. என் இரு கையும் ஈரம். ஸ்பீக்கரில் போடும்படி கியாங் அக்காவிடம் சொன்னேன்.

"அம்மா, தலை சுத்துது. கடையில ஏதோ மூலிகைப் பொட்டலம் வாங்கினேன். எவ்வளவு நேரம் கொதிக்க வைக்கணும்?"

முற்றத்தில் எல்லாரும் இருந்தார்கள். நான் வகுப்பை நிறுத்தவில்லை. மகளுக்குப் பதில் சொல்லாமலும் இல்லை.

"தண்ணி மஞ்சளா மாறுற வரைக்கும் கொதிக்கணும்" என்றேன். பதினான்கு பேரும் எழுதிக்கொண்டார்கள். "தலையில துணி போத்திக்கணும். ஆவி மூஞ்சிக்கு நேரா வரக் கூடாது, முதுகுப் பக்கமா வரணும். காத மூடு."

"மூடிட்டேன்" என்றது கைபேசி. படுத்திருந்த ஃபாவும் காதை மூடிக்கொண்டாள்.

"உப்பு போட்டுச் சுட்ட பன்னிக்கறி, ஒட்டரிசிச் சோறு. வேற ஒண்ணும் தொடாத. பச்சத் தண்ணி வேணாம்."

"அம்மா, பக்கத்து ரூம்ல மிளகா வறுக்கிறாங்க. கதவ மூடினா புழுங்குது, தெறந்தா நெடி வருது."

அதற்கான பாடம் என்னிடம் இல்லை. வேலிக்கு அப்பால் சொல்லி நிறுத்த அங்கே கியாங் அக்காவும் இல்லை. "ஈரத்துணியக் கதவிடுக்குல வை" என்றேன். ஒரு மாணவன் கையைத் தூக்கி, ஈரத்துணி என்பதற்கு எழுத்துக்கூட்டல் கேட்டான்.

ஃபா எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பாதி புரிந்திருந்தது. பாதியே போதுமானதாக இருந்தது. "அம்மா, தொலைபேசியில் இருப்பவர் யார்? தங்கள் மகளா? மகளுக்குக் குழந்தை பிறந்துள்ளதா? தாங்கள் ஏன் செல்லவில்லை?"

இணைப்பு துண்டிக்கப்படவில்லை. கியாங் அக்கா தலையைக் குனிந்து அனலைக் கிளறினார். விமொன் டீச்சரின் கைபேசி என் முகத்துக்கு நேராக இருந்தது. அந்தப் பெண்ணின் கண் கலங்கத் தொடங்கியிருந்தது. பத்தாயிரம் மைல் தாண்டி வந்த ஒரு பெண்ணிடம், உன் கையில் இருக்கும் நூல்தான் காரணம் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லியிருந்தால் அவள் அந்த இடத்திலேயே அறுத்தெறிந்திருப்பாள். எனக்குத் தெரியும். நான்கு மணிக்குள் நான் பேருந்து நிலையத்தில் இருந்திருப்பேன். அதுவும் தெரியும்.

நான் சிரித்தேன். "பரவாயில்ல ஃபா. நீயும் என் பிள்ளைதானே. இந்தப் பிள்ளைகளே எனக்குப் போதும்" என்றேன்.

டீச்சர், "அருமை, அம்மா" என்றார். ரின் இணைப்பைத் துண்டித்தாள்.

நான்காவது வரியின் வரலாறு இதுதான். வார்த்தைகள் என்னுடையவை. அவற்றை என் மகள் கேட்டாள் என்பதைக் கையேடு அச்சிடவில்லை.

ரின் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் இன்றும் தொழிற்சாலை உணவறையில் மிளகாய் வறுபட்டால் அவளுக்குத் தலைவலி வருகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்று சாப்பிடுகிறாள். இதை அவள் கணவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பேத்தியை, அவர்கள் ஏப்ரல் விடுமுறைகளில் இங்கே வந்தபோது, இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

ஃபா அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று புறப்பட்டாள். நூல் கையில் இருந்தது. டிசம்பரில் ஒஹாயோவிலிருந்து வாழ்த்து அட்டையும் ஒரு படமும் வந்தன. பனியில் நின்று கையை உயர்த்திக் காட்டுகிறாள். கையுறைக்கு மேலே, சாம்பல் நிறமாகிப்போன நூல். படத்தின் பின்புறம், "இன்னும் அறுந்து விழவில்லை, அம்மா" என்று தாய்லாந்து எழுத்தில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள். கியாங் அக்கா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்க் கணக்குப்படி பாத்தா நீ இன்னும் வீட்டவிட்டு நகரக் கூடாதுடி" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இருவரும் சிரித்தோம். பிறகு அவர் வேலியைத் தாண்டிப் போய்விட்டார். அந்தப் பெண்ணுக்கு உண்மையை விளக்கி ஆங்கிலத்தில் நான் எழுதிய கடிதம் ஆவணம் பதினேழு. மூன்று முறை திருத்தி எழுதினேன். அனுப்பவில்லை. அவள் செய்த பிழை ஒன்றும் இல்லை.

இந்த ஆகஸ்ட் 11 அன்று ரின் தொலைபேசியில் பேசினாள். இரண்டாவது குழந்தை 2568 ஜனவரி 20 வாக்கில் பிறக்கும் என்று சொன்னாள். நீ வருவாயா என்று அவள் கேட்கவில்லை. "இந்தத் தடவையும் ஜனவரியில குழு வருதாம்மா?" என்று கேட்டாள். வருகிறது. ஜனவரி 13 அன்று வரவேற்பு. நூல் கட்டுவோர் பட்டியலில் தலைவர் என் பெயரை முதலில் போட்டிருக்கிறார். நான் எதிரே நிற்கும்போதே போட்டார், போட்டுவிட்டு, "பரவாயில்லதானே தங்கச்சி?" என்று கேட்டார்.

எனவே நான் கேட்பது: 2568 ஜனவரி 10 முதல் பிப்ரவரி 25 வரை எனக்கு விடுப்பு, அந்த நாட்களில் ஆறாம் பிரிவு என் வீட்டுக்குப் பொருந்தாது என்றும், அதற்காகக் குழு வேறு ஊருக்கு மாற்றப்படாது என்றும் உறுதி. வரவேற்பன்று நான் ஊரில் இருக்க மாட்டேன். யார் கையிலும் நூல் கட்ட மாட்டேன். மூலிகை நறுக்கிக் காயவைத்தாயிற்று.

2567 நவம்பர் 30-க்குள், நிலையத்தின் முத்திரையோடும் இயக்குநரின் கையெழுத்தோடும், எழுத்தில் பதில் வேண்டும். தொலைபேசி அழைப்பையோ, விமொன் டீச்சரின் வருகையையோ, பழக்கூடையையோ, "பரவாயில்லை" என்ற சொல்லையோ பதிலாக ஏற்றுக்கொள்ள மாட்டேன். தலைவரிடமும் கியாங் அக்காவிடமும் ரினிடமும் காட்ட என் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும். அனுமதி இல்லை என்பது உங்கள் முடிவானால், இல்லை என்றே எழுதுங்கள். இன்றுவரை யாருமே என்னிடம் "இல்லை" என்று சொன்னதில்லை. அதனால்தான் என்னால் போக முடியவில்லை.

ஃபோங்சான்
முதல் வீட்டுத்தாய், பான் ஹுவாய் லான்
2567 அக்டோபர் 21

இணைப்பு: ஆவணங்கள் பதினேழு. நூலைத் தவிர மற்றவை பிரதிகள். மூலங்கள் என்னிடமே உள்ளன.